பிறபொருளின்மேற் படியும் முதற் படலம்: ஒளியால் அதனைக் கண்டோர் வரலாறு

சென்ற ஆண்டு எங்கள் அம்மம்மாவின் வலக்கண்ணிலிருந்த புரையை நீக்கி, அவ்விடத்தில் ஒரு சிறு வில்லையை வைத்தார்கள். கட்டவிழ்த்த மூன்றாம் நாள், முற்றத்து வேம்பின் இலைகளைத் தனித்தனியே எண்ணலாம்போல் இருக்கிறதென்று மகிழ்ந்தவர், அன்று மாலையே என்னை அருகழைத்து ஒரு வினா விடுத்தார்.

"தம்பி, காலிலை ஒரு முள்ளுத் தைச்சாலே இரண்டு நாளிலை சீழ் பிடிச்சு வெளியிலை தள்ளப் பாக்குது உடம்பு. கண்ணுக்குள்ளை வைச்ச இந்தச் சாமானை மட்டும் ஏன் சும்மா விட்டிருக்குது? நீ பௌதிகம் படிக்கிற பிள்ளைதானே, சொல்லு பாப்பம்."

"அது உடம்போடு ஒரு தொடர்பும் கொள்ளாத பொருள், அம்மம்மா" என்று சொல்லிவிட்டு என் வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். அடுத்த தவணையில் வேறொரு காரணம்பற்றி நூல்நிலையத்தில் சில நூல்களைப் புரட்டியபோதுதான் அவ்விடை பிழையென்பது தெரிந்தது. வைத்திய உலகமும் நெடுங்காலம் அதே பிழையை நம்பியிருந்ததென்பதும், அதைத் திருத்தியவர்கள் பெரும்பாலும் கத்தியையோ மருந்தையோ கையாண்டவர்களல்லர், ஒளிக்கதிரைக் கையாண்டவர்கள் என்பதும் உடன் தெரிந்தன. ஆதலின் இக்கட்டுரையை அம்மம்மாவுக்கு நான் கடன்பட்ட விடையென்றே அன்பர்கள் கொள்க. மூத்தோர் இதிற் குற்றம் காணின் பொறுத்தருள்வார்களாக.

கண்வில்லையின் கதையிலிருந்தே தொடங்குவோம். இரண்டாம் உலக யுத்தத்தில் ஆங்கிலேய விமானிகள் சிலரின் கண்களில், விமானத்தின் மூடுகண்ணாடி உடைந்த துணுக்குகள் பாய்ந்தன. அம்மூடி உண்மையிற் கண்ணாடியன்று. பேர்ஸ்பெக்ஸ் எனப்படும் தெளிந்த பிளாத்திக்கு. ஹரல்ட் றிட்லி என்னும் கண்வைத்தியர், கண்ணுக்குள்ளே கிடந்த அத்துணுக்குகள் அழற்சியை உண்டாக்காது அமைதியாக இருத்தலைக் கவனித்தார். அப்படியாயின் அதே பொருளால் ஒரு வில்லை செய்து, புரை நீக்கிய கண்ணில் வைத்தாலென்ன என்ற எண்ணம் அவருக்குப் பிறந்தது. 1949ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் நாள் இலண்டன் சென்ற் தோமஸ் வைத்தியசாலையில் அதனைச் செய்தும் காட்டினார். அக்காலத்துப் பெரிய கண்வைத்தியர் பலர் அவரை இகழ்ந்தனர். கண்ணிலிருந்து பிறபொருளை எடுப்பதன்றோ வைத்தியம், உள்ளே வைப்பதும் வைத்தியமோ என்பது அவர்கள் வாதம். பல ஆண்டுகள் கழிந்தபின்பே உலகம் அவர் வழிக்கு வந்தது. முதுமையில் றிட்லியே தம் கண்களிலும் அத்தகைய வில்லையை வைப்பித்துக்கொண்டார்.

இவ்வெற்றியிலிருந்தே, உடம்பு கண்டுகொள்ளாத 'சடப்பொருள்' என்று ஒரு வகை உண்டு, அதனைத் தேடிப் பிடித்தாற் போதும் என்னும் நம்பிக்கை வலுப்பெற்றது. கண்ணின் உள்ளறை குருதி ஓடாத அமைதியான இடம். அங்கே அந்நம்பிக்கை ஒருவாறு பிழைத்துக்கொண்டது. குருதி ஓடும் இடத்திலோ நிலைமை வேறு. 1943இல், செர்மானியர் கைப்பற்றியிருந்த நெதர்லாந்தில், கம்பன் என்னும் சிறு நகரில் வில்லெம் கொல்ஃப் என்னும் இளம் வைத்தியர், இறைச்சிக்குழல் அடைப்பதற்குப் பயன்படும் செலோபேன் குழாயை மர உருளையொன்றிற் சுற்றிச் செயற்கைச் சிறுநீரகம் ஒன்றை ஆக்கினார். நோயாளியின் குருதி அக்குழாயினுள்ளே உறைந்துவிடாதிருத்தற்கு ஹெப்பாரின் என்னும் மருந்தை இடவேண்டியிருந்தது. இன்றைக்கும் குருதி சுத்திகரிக்கும் இயந்திரங்களிற் பெரும்பாலும் அம்மருந்து இடப்படுகின்றது. செலோபேனை உடம்பு கண்டுகொள்ளவில்லையெனின் குருதி ஏன் உறையவேண்டும்?

குருதி, தான் தொடும் பாத்திரத்தை அறிகின்றது என்பது பழைய செய்திதான். கண்ணாடிக் குழாயில் விரைவில் உறையும் குருதி, மெழுகு பூசிய குழாயிலோ எண்ணெய் தடவிய பாத்திரத்திலோ தாமதித்து உறையும் என்பது 19ஆம் நூற்றாண்டிலேயே தெரிந்திருந்தது. இதில் ஒரு வியப்பான நிகழ்ச்சியுமுண்டு. அமெரிக்காவிற் புகையிரதத் தொழிலாளியாயிருந்த ஜோன் ஹேஜ்மன் என்பவரின் குருதி, கண்ணாடிக் குழாயில் உறையவே மறுத்தது. ஆனால் அவருக்கு இரத்தப்போக்கு நோய் எதுவும் இருக்கவில்லை. 1955இல் ரட்னொஃப் என்னும் அறிஞர் ஒருவரோடு சேர்ந்து இதனை ஆராய்ந்து வெளியிட்டார். கண்ணாடியைத் தொட்டவுடன் விழித்தெழும் ஒரு புரதம் ஏனையோர் குருதியில் உண்டென்பதும், ஹேஜ்மனிடம் அது இல்லையென்பதும் வெளியாயின. அப்புரதம் இன்றளவும் அவர் பெயராலேயே வழங்குகின்றது. குழாயில் உறையாத குருதியை உடைய அம்மனிதர் 1968இல் இறந்தது, நுரையீரலில் வந்தடைத்த குருதிக்கட்டியினால்! விதியின் விளையாட்டென்று எங்கள் ஊர்ப் பெரியோர் சொல்லக்கூடும். உடம்பினுள்ளே குருதி உறைவதற்குக் கண்ணாடி வேண்டியதில்லை என்பது விஞ்ஞானிகள் கொண்ட பொருள்.

ஆகவே கண்ணாடியின் முகத்தில் ஏதோ நிகழ்கின்றது. யாது நிகழ்கின்றது என்பதை இன்று நாம் அறிவோம். எந்தப் பொருளும் குருதியைத் தொட்ட சில விநாடிகளுள், குருதிநீரிலுள்ள புரதங்கள் அதன்மேற் படிந்து ஒரு மெல்லிய படலத்தை ஆக்கிவிடுகின்றன. பின்னர் வரும் உயிரணுக்கள் அந்தப் பிளாத்திக்கையோ உலோகத்தையோ நேரே தொடுவதேயில்லை; தொடுவது இப்படலத்தைத்தான். குருதியை உறையச்செய்யும் சிறுதட்டுக்கள் வந்து ஒட்டுமா ஒட்டாவா என்பதும், உடம்பு அப்பொருளை ஏற்குமா வெறுக்குமா என்பதும் அங்கே முதலில் எந்தப் புரதம் எந்த நிலையில் அமர்ந்திருக்கின்றது என்பதைப் பெரிதும் பொறுத்தவை.

இதனைக் கண்ணாற் காண்பது எங்ஙனம்? அப்படலத்தின் தடிப்பு ஏறத்தாழ 2 முதல் 10 நனோமீற்றர் வரை. எழுதும் கடதாசியின் தடிப்பு ஏறக்குறைய 1,00,000 நனோமீற்றர். நாம் காணும் ஒளியின் அலைநீளமே 400 முதல் 700 நனோமீற்றர். அலையினும் நூறு மடங்கு சிறிய பொருளை அவ்வலைகொண்டே அளப்பது, கடலலையைப் பார்த்து அதனடியிற் கிடக்கும் சிப்பியின் தடிப்பைச் சொல்வதுபோல் நகைப்புக்கிடமாகத் தோன்றும். ஆயினும் அது செய்யப்பட்டது. செய்தவர்களுட் பெரும்பாலோர் உயிரியலைப்பற்றி எண்ணியவர்களே அல்லர்.

1808இல் பாரிசு நகரில் எற்றியென் மாலுசு என்பவர் தம் வீட்டிலிருந்து ஒரு படிகத்துண்டின் வழியே எதிரேயிருந்த இலட்சம்பேர்க்கு அரண்மனையின் சாளரங்களை நோக்கினார். சாயுங்காலச் சூரியன் அக்கண்ணாடிகளிலே தெறித்துக்கொண்டிருந்தது. படிகத்தைத் திருப்பத் திருப்ப, தெறித்த ஒளி கூடியும் குறைந்தும் தோன்றக் கண்டார். தெறிப்பினால் ஒளி முனைவாக்கமடைகின்றது என்னும் உண்மை இவ்வாறு வெளிப்பட்டது. ஒளியலை தான் செல்லும் திசைக்குக் குறுக்கே அசைவது. அவ்வசைவை ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு கூறுகளாகக் கொள்ளலாம். ஒரு பரப்பிலே சாய்ந்து விழுந்து தெறிக்கும்போது இவ்விரண்டும் ஒரே மாதிரி நடத்தப்படுவதில்லை.

இதனை நான் இவ்வாறு விளங்கிக்கொண்டேன். ஒரே தாளத்திற்குக் கைதட்டிக்கொண்டு இருவர் ஒரு மண்டபத்துக்குள் நுழைகின்றனர். வெளியே வரும்போது ஒருவர் சற்றுப் பிந்தித் தட்டுகின்றார். அவரின் ஓசையும் சற்று மெலிந்திருக்கின்றது. மண்டபத்தினுள் என்ன இருந்ததென்று நாம் பார்க்கவில்லை. ஆயினும் எவ்வளவு பிந்தினார், எவ்வளவு மெலிந்தார் என்னும் இரண்டையும் அளந்தால் உள்ளே இருந்ததைக் கணித்துவிடலாம். நனோமீற்றரளவான படலமும் இப்பிந்துதலைச் சிறிது மாற்றுகின்றது. அலை நீளமாயிருந்தாலென்ன, தாளப்பிழையைப் பாகையின் நூறிலொரு பங்குவரை நாம் அளக்கமுடியும். அதுவே இம்முறையின் உயிர்நாடி. இரு கூறுகளும் பிந்தியும் மெலிந்தும் கூடும்போது அலையின் நுனி நீள்வளையமொன்றை வரைகின்றது. நீள்வளையமானி, அஃதாவது எலிப்சோமீற்றர், என்ற பெயர் அதனால் வந்தது. ஒளி முற்றாக அணையும்வரை படிகங்களைத் திருப்பி, அணைந்த இடத்தின் கோணத்தை வாசிப்பதே அதன் பழைய செய்முறை.

இக்கணிதத்தை ஆக்கியவர் செர்மானியரான பௌல் துரூடே. 1887இற் கெற்றிங்கன் பல்கலைக்கழகத்திற் பட்டம்பெற்ற இவர், படிகங்களின் தெறிப்பை ஆராய்ந்தபோது ஒரு தொல்லையைச் சந்தித்தார். புதிதாகப் பிளந்த முகமும் சிலநேரம் காற்றிற் கிடந்த முகமும் ஒரே விடையைத் தரவில்லை. வேறொருவராயின் மாசு என்று துடைத்துவிட்டுப் போயிருப்பார். துரூடே அந்த மாசினையே ஆராய்ச்சிப்பொருளாக்கி, 1889ஐயொட்டி மேற்பரப்புப் படலங்களுக்குரிய சமன்பாடுகளை வகுத்தார். அச்சமன்பாடுகளே இன்றும் பயன்படுகின்றன. பிறகு அரை நூற்றாண்டுக்கு அவை பெரும்பாலும் உலோக ஆராய்ச்சியிலேயே கிடந்தன. நோர்வேயைச் சேர்ந்த லைஃப் துரொன்ஸ்ராட், உருக்குத் துருப்பிடியாதிருப்பதற்குக் காரணமான மெல்லிய படலத்தை இம்முறையால் அளந்தார். யுத்தகாலத்தில் நாற்சியர் கைப்பற்றிய பாரநீர்த் தொழிற்சாலையைத் தகர்க்கும் திட்டத்தை வகுத்தவர்களுள் ஒருவரும் அவரே. 1945 மார்ச்சில், யுத்தம் முடியச் சில கிழமைகளே இருக்கையிற் கொல்லப்பட்டார். அது வேறொரு கட்டுரைக்குரிய கதை.

துரூடே பிறந்த பிரவுண்ஸ்வைக் நகரில், அவரினும் ஒரு வயது மூத்த அக்னெஸ் பொக்கெல்ஸ் என்னும் பெண் வாழ்ந்தார். அக்காலத்திற் பெண்களைப் பல்கலைக்கழகம் ஏற்கவில்லை. நோயுற்ற பெற்றோரைப் பராமரித்துச் சமையலறையில் வேலைசெய்துகொண்டிருந்த அவர், பாத்திரம் கழுவும் நீரில் எண்ணெய்ப் படலம் விரிவதைக் கவனித்து, ஒரு தகரத் தொட்டியும் குறுக்கே ஒரு தகரக் கீலமும் கொண்டு அதனை அளக்கத் தொடங்கினார். பத்தாண்டு அளந்தபின், 1891இல் இங்கிலாந்துப் பேரறிஞர் றேலிப் பிரபுவுக்குத் தம் முடிவுகளைக் கடிதமாக எழுதினார். றேலி அதனைப் படித்து, மொழிபெயர்ப்பித்து, 'நேச்சர்' இதழில் வெளிவரச் செய்தார். இவ்விடத்தில் எனக்குப் பெருமதிப்புக்குரியவர் இருவர்: எழுதத் துணிந்தவர் ஒருவர், கிழித்தெறியாதவர் மற்றவர்.

அத்தொட்டியின் வழிவந்ததே அமெரிக்காவில் இர்விங் லாங்மியூர் செய்த ஆராய்ச்சி. ஒரு மூலக்கூற்றளவே தடித்த படலங்களை நீர்மேல் ஆக்கி ஆராய்ந்த அவர் 1932இல் நோபெல் பரிசு பெற்றார். அவரோடு பணிபுரிந்த கதரின் பிளொட்ஜெற், கேம்பிறிட்ஜிற் பௌதிகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்ற முதற் பெண்மணி. பேரியம் ஸ்ரியறேற்று என்னும் சவர்க்காரம் போன்ற பொருளின் படலங்களைக் கண்ணாடியின்மேல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் வித்தையை அவர் கண்டார். 1938இல் 44 படலம் அடுக்கிய கண்ணாடியொன்று ஒளியைத் தெறியாமல் கண்ணுக்குத் தெரியாததுபோல் நின்றது. நமக்கு வேண்டியது அவருடைய வேறொரு கருவி. படிகள்போல் தடிப்புக் கூடிச்செல்லும் படலத்தை வெள்ளொளியிற் பார்க்கையில் ஒவ்வொரு படியும் ஒவ்வொரு நிறம் காட்டும். மழை பெய்த தார்வீதியிற் சிந்திய எண்ணெய் காட்டும் நிறங்கள் போன்றன அவை. ஒரு தகட்டின்மேல் ஏதேனும் படிந்தால் அதன் நிறம் மாறும். மாறிய நிறத்தைப் படிகளோடு ஒப்பிட்டால் படிந்ததன் தடிப்பு வரும். 1937இல் லாங்மியூரும் வின்சென்ற் ஷேபரும் இவ்வுபாயத்தாற் கரைசலிலிருந்து தகட்டிற் படியும் படலங்களின் தடிப்பை அளந்து எழுதினர். உயிர்ப்பொருளின் படலமும் இங்ஙனம் அளவுகோலுக்குள் அகப்படத் தொடங்கிற்று.

அடுத்து வருபவர் நியூயோர்க்கு றொக்கபெல்லர் நிறுவனத்து அலெக்சாந்தர் றொதென். துரூடேயின் முறைக்குச் செம்மையான கருவி அமைத்து, 1945இல் 'எலிப்சோமீற்றர்' என்று பெயரிட்டவர் இவரே. அவர் உலோகத் தகட்டின்மேல் ஒரு புரதத்தைப் பரப்பி, அதனை எதிர்க்கும் பிறபொருளெதிரி அடங்கிய குருதிநீரை ஊற்றினார், படலம் தடித்தது. பிறபொருளும் எதிரியும் கைகோப்பதை ஒளி கண்டுகொண்டது. இதுவரை மிகச்சரி. பின்பு அவர் இரண்டுக்கும் இடையே ஒரு திரையை, அஃதாவது 20 நனோமீற்றர்வரை தடித்த பிளாத்திக்குப் படலத்தை, இட்டுப் பார்த்தார். அப்பொழுதும் தடித்தது! திரைக்கு அப்பாலிருந்தே எதிரி தன் பொருளை உணர்கின்றது; உயிர்மூலக்கூறுகளுக்கிடையே நெடுந்தூரம் செல்லும் விசையொன்று உண்டு என்று றொதென் முடிவுசெய்தார். இது மெய்யாயின் இரசாயனத்தின் அடித்தளமே அசைந்திருக்கும்.

வேறு ஆய்வுகூடங்கள் அத்திரையையே ஐயுற்று ஆராய்ந்தன. முழுத்திரை என்று எண்ணியதிற் சிறுதுளைகள் இருந்தன. அவற்றினூடே மூலக்கூறுகள் சந்தித்துக்கொண்டன. றொதென் தம் கொள்கையை எளிதில் விட்டாரல்லர். பல ஆண்டு அதற்காகப் போராடினார். இந்நிகழ்ச்சியை நூல்கள் சில ஒரு வரியிற் கடந்துவிடுகின்றன. நான் அங்ஙனம் கடக்க விரும்பவில்லை. கருவி பொய் சொல்லவில்லை. தடித்தது என்று சொன்னது, தடித்துத்தான் இருந்தது. எது தடித்தது, எவ்வழியாகத் தடித்தது என்று அக்கருவிக்குச் சொல்லத் தெரியாது. ஒளி தடிப்பைக் காட்டும், பெயரைக் காட்டாது. இக்குறைபாட்டைக் குறைபாடென்று உணர்ந்து, அதனைச் சுற்றி ஒரு வழி கண்டவரே அடுத்து வருபவர்.

லேயோ விறோமன் 1915இல் நெதர்லாந்தின் கௌடா நகரிற் பிறந்த யூதர், உயிரியல் மாணவர், கவிஞர். 1940 மே 14ஆம் நாள், அவர் நாடு செர்மானியரிடம் வீழ்ந்த அன்றே, ஒரு பாய்க்கப்பலில் ஏறி இங்கிலாந்துக்குத் தப்பினார். அங்கிருந்து ஆபிரிக்காவைச் சுற்றி, அன்று ஒல்லாந்தர் ஆட்சியிலிருந்த ஜாவாவை அடைந்து படிப்பை முடித்தார். விதி அங்கும் துரத்திற்று. 1942இல் ஜப்பானியர் ஜாவாவைப் பிடித்தபோது போர்க்கைதியாகி, யுத்தம் முடியும்வரை ஜாவாவிலும் ஜப்பானிலும் முகாம்களிற் கிடந்தார். ஊரிலே அவருக்கு மணம்பேசிய பெண் காத்திருந்தார். பிரிந்து ஏழாண்டு கடந்தபின், 1947இல் நியூயோர்க்கில் இருவரும் சந்தித்து மணந்துகொண்டனர். விறோமன் அமெரிக்காவிலேயே குருதி ஆராய்ச்சியாளராகத் தங்கினார். கவிதையைத் தாய்மொழியிலும் ஆய்வை ஆங்கிலத்திலும் எழுதினார். 1964இல் அவர் நாட்டின் பெரிய இலக்கியப் பரிசான பி. சி. ஹூவ்ற் பரிசு அவருக்குக் கிடைத்தது. கலைப்பிரிவா விஞ்ஞானப்பிரிவா என்று நம்மைப் பிரித்துவிடுகின்ற பெரியோர் இவரை எப்பிரிவில் வைப்பார்களோ அறியேன்.

புறூக்ளின் நகரப் போர்வீரர் வைத்தியசாலை ஆய்வுகூடத்திலே அவர் செய்தது இது. தந்தாலம் பூசிய தகடு ஒன்றைக் குருதிநீரில் வைத்து எலிப்சோமீற்றராற் பார்த்தார், படலம் படிந்தது. படிந்த புரதம் எது? அதனை ஒளியிடம் கேட்காமல் சாட்சியிடம் கேட்டார். சாட்சி என்பது குறித்த ஒரு புரதத்தை மாத்திரம் பற்றும் பிறபொருளெதிரி. தகட்டைக் கழுவி, பைபிரினோசன் என்னும் புரதத்துக்குரிய எதிரியை ஊற்றினால், படலம் மேலும் தடிக்குமாயின் அங்கே பைபிரினோசன் உண்டு; தடிக்காதாயின் இல்லை. குருதிநீர் சில விநாடி மட்டும் தொட்ட தகட்டில் சாட்சி 'உண்டு' என்றது. நெடுநேரம் தொட்ட தகட்டிலோ அதே சாட்சி 'இல்லை' என்றது! முதலில் வந்து அமர்ந்த புரதம் சிறிது நேரத்திற்குள் எழுந்து போய்விட்டது; ஆனால் படலத்தின் தடிப்புக் குறையவில்லை. அப்படியாயின் வேறு யாரோ அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டார் என்பதே பொருள். 1969இல் அடம்ஸ் என்பவரோடு சேர்ந்து விறோமன் இதனை வெளியிட்டார்.

இடம்பிடித்தவர் யார் என்பது தெளிவாகப் பத்தாண்டுக்கு மேலாயிற்று. கண்ணாடி போன்ற நீர்விரும்பும் பரப்புக்களில் பைபிரினோசனை எழுப்பிவிடுவது கினினோசன் என்னும் பாரமான புரதம் என்று 1980இல் அவர் குழுவினர் காட்டினர். ஹேஜ்மனிடம் இல்லாதிருந்த அப்புரதத்துக்குக் கூட்டாளியாக நிற்பதும் அதுவே. எனவே கண்ணாடிமேற் குருதி உறையும் பழைய புதிரும் இதனோடு வந்து சேர்ந்துகொண்டது. கதிர்வீசும் அடையாளமிட்ட புரதங்களால் வேறு ஆராய்ச்சியாளர் செய்த பரிசோதனைகளும் பைபிரினோசன் உண்மையாகவே பரப்பைவிட்டு நீங்குவதை உறுதிசெய்தன.

பந்தியில் நடப்பதையே இது நினைவூட்டுகின்றது. முதலில் ஓடிவந்து இடம்பிடிப்போர் சிறுவர். அவர்கள் எண்ணிக்கை மிகுதி. பின்பு பெரியவர்கள் வர, சிறுவர் எழும்பி இடம் கொடுக்கின்றனர். குருதிநீரில் ஒரு லீற்றருக்கு ஏறத்தாழ 40 கிராம் அல்புமினும், 2 முதல் 4 கிராம் பைபிரினோசனும், கினினோசன் ஒரு கிராமின் பத்திலொரு பங்கிற்கும் குறைவாகவும் உண்டு. மிகுதியானது முந்தி வருகின்றது. அரிதாயினும் இறுகப்பற்றுவது பிந்தி வந்து நிலைக்கின்றது. இவ்விடமாற்றமே 'விறோமன் விளைவு' எனப்படுகின்றது.

அவர் கையாண்ட இன்னோர் உபாயத்தைச் சொல்லாமற் செல்ல மனம் வரவில்லை. தட்டையான கண்ணாடியின்மேல் ஒரு குவிந்த வில்லையைக் கவிழ்த்து, இடையே குருதிநீரை விட்டார். நியூற்றன் வளையங்கள் காட்டும் அதே அமைப்பு. நாங்கள் முதலாம் ஆண்டில் அளந்து சலித்த பரிசோதனை. நடுவில் இடைவெளி மிகச்சிறிது, விளிம்பிற் பெரிது. விளிம்பில் வேண்டியளவு கினினோசன் இருந்தபடியாற் பைபிரினோசன் எழுந்துபோயிற்று. நடுவிலோ குருதிநீர் மிகவும் குறைவு; இடம் கேட்கப் போதிய கினினோசன் அங்கே இல்லை; பைபிரினோசன் அப்படியே இருந்துவிட்டது. சிறுதட்டுக்கள் ஒட்டுவது பைபிரினோசன் இருக்கும் இடத்திற்றானே! குருதி தேங்கும் ஒடுங்கிய இடுக்குகளைச் செயற்கை உறுப்புக்களில் ஏன் அஞ்சவேண்டும் என்பதற்கு இரண்டு கண்ணாடித் துண்டுகளால் அவர் ஒரு காரணம் காட்டினார். விறோமன் 2014இல் தமது 98ஆம் வயதில் இறந்தார்.

புரதத்தின்பின் உயிரணு வருகின்றது. அது பரப்பை எங்கே தொடுகின்றது என்று காண்பதற்கும் ஒளியே உதவிற்று. 1964இல் கேட்டிஸ் என்பவர், உயிரணுவின் அடிப்புறத்திலிருந்தும் கண்ணாடியிலிருந்தும் தெறிக்கும் ஒளிகளின் தலையீட்டை நுணுக்குக்காட்டியிற் பார்த்து, கரியதாய்த் தோன்றும் இடமே நெருங்கிய தொடுகை என்று கண்டார். மற்றொரு வழி முழுவுட்டெறிப்பு. கண்ணாடிக்குள் மிகச் சாய்வாகச் செல்லும் ஒளி வெளியே வராமல் முழுதும் உள்ளேயே தெறித்துவிடும் என்று படித்திருக்கின்றோம். முற்றிலும் வெளியே வராதென்பது சரியன்று. எல்லைக்கு அப்பால் நூறு, இருநூறு நனோமீற்றர் தூரம் ஒரு மங்கும் அலை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புகின்றது. இரண்டு அரியங்களை மிக நெருங்கவைத்தால் ஒளி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுதலை நியூற்றனே கண்டிருந்தார். அந்த எட்டிப்பார்க்கும் ஒளியால், கண்ணாடியை ஒட்டிய உயிரணுப் பகுதியை மாத்திரம் ஒளிரச்செய்து பார்க்கும் முறையை 1981இல் அக்செல்றொட் செம்மைப்படுத்தினார். மேலேயுள்ள கலங்கல் எல்லாம் இருளில் மறைய, தொடுகை மட்டும் ஒளிர்கின்றது.

அந்த மங்கும் அலையோடு பொன் சேர்ந்தபோது இன்னொரு கருவி பிறந்தது. 1902இல் அமெரிக்காவில் றொபேட் வூட் என்பார், நுண்கோடுகள் கீறிய உலோகத் தகட்டிலே தெறித்த நிறமாலையில், காரணம் தெரியாத இருட்பட்டைகளைக் கண்டார். அவற்றிற்கு முழு விளக்கம் வர அரை நூற்றாண்டுக்கு மேலாயிற்று. உலோகத்தின் முகத்திலுள்ள இலத்திரன்கள் ஒளியோடு இசைந்து கூட்டாக அசைந்து அவ்வொளியை விழுங்குகின்றன என்பதே விளக்கம். 1968இற் செர்மனியில் ஒற்றோ ஒரு வகையாலும், கிரெச்மனும் றேதரும் மற்றொரு வகையாலும், அரியமொன்றையும் மெல்லிய உலோகத்தையும் கொண்டு இதனை விரும்பியபடி நிகழ்த்திக் காட்டினர். காப்பும் சங்கிலியுமாக நம் வீட்டார் அறிந்த பொன்னை 50 நனோமீற்றர் தடிப்பிற் பூசினால் ஒளி அதனை ஊடுருவி அதன் வெளிமுகத்து இலத்திரன்களை எழுப்பும். குறித்த ஒரு கோணத்திலே தெறிப்பு அணைந்துபோகும். வெளிமுகத்திற் புரதம் படிந்தால் அக்கோணம் சிறிது நகரும். 1983இற் சுவீடனின் லிங்ஷேப்பிங் நகரில் லீட்பேர்க், நிலாந்தர், லுண்ட்ஸ்ரொம் ஆகிய மூவரும் வெள்ளிப் படலத்தின்மேற் பிறபொருளும் எதிரியும் சேர்வதை இவ்வழியிற் கண்டனர். 1990இல் அது பியாகோர் என்னும் விற்பனைக் கருவியாயிற்று. சதுர மில்லிமீற்றரில் ஒரு கிராமின் நூறுகோடியிலொரு பங்கு புரதம் படிந்தால் கோணம் ஒரு பாகையின் பத்திலொரு பங்கு நகரும்; கருவியோ அதனினும் மிகச்சிறிய நகர்வையும் கணந்தோறும் வாசிக்கவல்லது. எப்பொழுது சேர்ந்தது, எப்பொழுது பிரிந்தது என்னும் காலக்கணக்கு இங்ஙனம் கையில் வந்தது.

திருச்சிராப்பள்ளியிற் பிறந்த சர் சி. வி. இராமனுடைய விளைவுக்கும் இவ்வரலாற்றில் ஓரிடம் உண்டு. 1928இல் அவர் கண்ட சிதறலொளி மூலக்கூறின் பெயரையே சொல்லவல்லது. றொதெனுக்கு வேண்டியிருந்தது அதுவே. ஆனால் அது மிகவும் மங்கலானது. 1974இற் சௌதம்ரனில் மூவர், கரடாக்கிய வெள்ளியின்மேற் படிந்த பொருளிலிருந்து அச்சிதறல் எதிர்பாராத வலிமையோடு வருவதைக் கண்டனர். இலட்சம் மடங்கும் அதற்கு மேலும் பெருக்கம் உண்டென்று பின்னர்த் தெளிந்தது. பெயரும் தடிப்பும் சேர்ந்து கிடைக்கும் வழி அதனால் திறந்தது.

இத்தனையும் கண்டபின் வினாவே மாறிவிட்டது. 'எந்தப் பொருளை உடம்பு கண்டுகொள்ளாது?' என்று முன்பு கேட்டனர். 'எந்தப் படலம் படியுமாறு பரப்பை அமைக்கலாம்?' என்று இன்று கேட்கின்றனர். 1991இல் பிறைம், வைற்சைட்ஸ் என்னும் இருவர், பொன்னின்மேல் ஒழுங்காக அடுக்கிய மூலக்கூறுகளின் நுனியை மாற்றி மாற்றி எலிப்சோமீற்றரால் அளந்து, சில நுனிகளிற் புரதம் ஏறக்குறையப் படிவதேயில்லை என்று காட்டினர். நீரை இறுகப் பற்றிக்கொள்ளும் நுனிகள் அவை. ஆனால் உடம்பினுள்ளே ஆண்டுக்கணக்கில் அந்நிலை காப்பது கடினமாகவே இருந்துவருகின்றது.

கண்வில்லைக்கு வருவோம். கண்ணைத் தானஞ்செய்து இறந்தோரின் கண்களிலிருந்து எடுத்த செயற்கை வில்லைகளை, 2000ஆம் ஆண்டையொட்டி ஆராய்ந்து பார்த்தார்கள். வில்லையின் முகத்தில் உடம்பின் புரதங்கள் படிந்திருந்தன. சிலவகை வில்லைகளில் பைபிரனெக்ரின் என்னும் ஒட்டும் புரதம் மிகுந்து, வில்லையைக் கண்ணின் பையோடு சேர்த்துப் பிடித்திருந்தது. வெறும் பிளாத்திக்காக உள்ளே சென்றது, உடம்பின் போர்வையைப் போர்த்துக்கொண்டு தங்கியிருந்தது.

விடுமுறைக்கு வீடு சென்றபோது இதனை அம்மம்மாவிடம் சொன்னேன். முன்பு சொன்னது பிழையென்றும் ஒப்புக்கொண்டேன். அவர் சிறிது நேரம் யோசித்தார்.

"அப்ப சும்மா விடேல்லை. போர்த்து மூடித் தன்ரை ஆளாக்கிப் போட்டுதெண்டு சொல்லு" என்றார். பின்பு, மற்றக் கண்ணுக்கும் தைமாதம் வரச்சொல்லியிருக்கின்றார்கள், நீதான் கூட்டிக்கொண்டு போகவேணும் என்று சொல்லிவிட்டு, வேப்பமரத்தடியைக் கூட்ட எழுந்தார்.